பழைய விலையில் நீட்டிப்பு

இந்தியாவில் அரசின் சேவை ஒப்பந்தங்களில் விலைத் தகராறு பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது. துறையே வேலையைக் கூட்டுகிறது: துப்புரவுப் பணியில் இரண்டு மாடிகள் சேர்கின்றன, காவல் பணியில் இரவு ஷிஃப்ட் கூடுகிறது. அல்லது குறைந்தபட்ச ஊதியமோ வரியோ உயர்ந்து செலவை ஏற்றுகிறது. அல்லது சந்தையில் விலை ஏறுகிறது. கைப்பணம் போகும் ஒப்பந்ததாரருக்கு மூன்றும் ஒன்றுதான். சட்டத்துக்கு அப்படியல்ல. துறை கேட்டு வாங்கிய கூடுதல் வேலைக்குத் துறைதான் பணம் தர வேண்டும். சந்தை விலை ஏறினால், விலை மாறுபாட்டு ஷரத்து இல்லாத ஒப்பந்தத்தில் சுமை ஒப்பந்ததாரருடையது. நடுவிலுள்ள வகையில்தான் ஷரத்தின் ஒவ்வொரு சொல்லையும் வைத்து வழக்கு நடக்கிறது.

சந்தை விலை பற்றிய விதியை உச்ச நீதிமன்றம் 1960-இல் அலோபி பர்ஷாத் வழக்கிலேயே வகுத்துவிட்டது. ராணுவத்துக்கு நெய் கொள்முதல் செய்து தரும் முகவர்களுடன் 1937-இல் ஒப்பந்தம் ஆனது. போர் வந்து கொள்முதல் பெருகியபின், 1942-இல் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு கட்டணத்தைத் திருத்தின. போர்ச்சூழலைக் காட்டி முகவர்கள் அதற்கும் மேல் கேட்டபோது நீதிமன்றம் மறுத்தது. எதிர்பாராத சுமை வந்தது என்பதற்காக மட்டும் எழுதிய விலையிலிருந்து விலக முடியாது. விலை எழுதப்பட்ட இடத்தில், செய்த வேலைக்கு நியாயமான கூலி என்ற வாதமும் எடுபடாது.

இந்த விதி இன்றும் எவ்வளவு கறாரானது என்பதற்கு ஆயில் இந்தியா வழக்கைப் பார்க்கலாம். அசாமில் எண்ணெய்க் கிணறு தோண்டும் பணி 1995-இல் சவுத் ஈஸ்ட் ஏசியா மரைன் இன்ஜினியரிங் நிறுவனத்துக்குத் தரப்பட்டது. ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டு 2000 வரை ஓடியது. இடையில் டீசல் விலை ஏறியது. ஒப்பந்தத்தில் விலை மாறுபாட்டு ஷரத்து இல்லை. பின்னர் வரும் சட்டத்தால் செலவு கூடினால் ஈடு தரப்படும் என்ற 23-ஆம் ஷரத்து மட்டுமே இருந்தது. டீசல் விலையை அரசு சுற்றறிக்கையால்தான் உயர்த்துகிறது, ஆகவே அதுவும் சட்ட மாற்றமே என்று ஒப்பந்ததாரர் வாதிட்டார். நடுவர் மன்றத்தின் பெரும்பான்மை 2003-இல் அதை ஏற்றது. குவாஹாட்டி உயர் நீதிமன்றம் 2007-இல் அந்தத் தீர்ப்பை நீக்கியது. எரிபொருள் விலை ஏறும் என்பதை அனுபவமுள்ள ஒப்பந்ததாரர் விலை குறிக்கும்போதே கணக்கில் கொண்டிருப்பார் என்றும், ஒப்பந்தத்தை முழுமையாகப் படித்தால் நடுவர்கள் சொன்ன பொருள் வராது என்றும் கூறி உச்ச நீதிமன்றம் 2020-இல் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. கோரிக்கையின் அசல் தொகை ஒரு கோடி ரூபாயைக்கூட எட்டவில்லை.

ஊதிய உயர்வு வேறு கதை. மத்திய அரசு வரம்பிலுள்ள பணிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தின் அகவிலைப்படி ஏப்ரல் 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுகிறது. அதைத் தராமல் ஒப்பந்ததாரரால் தப்ப முடியாது. அவர் தராவிட்டால் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவரான துறையின் தலையில் விழும். இந்திய உணவுக் கழகத்துக்கும் ஏ.எம். அகமது நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், ஊதிய உயர்வுக்காக நடுவர் அளித்த தொகையை உச்ச நீதிமன்றம் 2006-இல் உறுதிசெய்தது. ஆனால் அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி ஷரத்தில்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது துணிச்சல் அல்ல, அஜாக்கிரதை.

2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் இங்கே ஒரு சிக்கலை உண்டாக்குகின்றன. 225-ஆம் விதிப்படி 18 மாதத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில்தான் விலை மாறுபாட்டு ஷரத்து வைக்கலாம். ஓராண்டுக்கு விடப்படும் காவல் ஒப்பந்தத்தில் அது இருக்காது. புதிய டெண்டர் தாமதமாகும். ‘அதே விலை, அதே நிபந்தனை’ என்று மும்மூன்று மாதமாக நீட்டிப்பு ஆணைகள் வரும். ஒப்பந்தம் இரண்டாண்டைத் தாண்டியும் விலை முதல் நாளிலேயே நிற்கும். மறுப்புச் சொல்லாமல் நீட்டிப்பை ஏற்றவர் பின்னால் பழைய பாக்கி கேட்டால், அவர் கையெழுத்தே அவருக்கு எதிரான சாட்சி. நீட்டிப்பை ஏற்கும் கடிதத்திலேயே ஊதிய வித்தியாசத்துக்கான உரிமையைக் குறிப்பிடுவது இதற்குக் குறைந்தபட்சப் பாதுகாப்பு.

கூடுதல் வேலையில் தகராறு வருவது வாய்மொழி உத்தரவால். எழுத்தில் இல்லாத வேலைக்கு 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு கைகொடுக்கலாம்: இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி, சட்டப்படி செய்த வேலையின் பயனைத் துறை அனுபவித்திருந்தால் ஈடு தர வேண்டும். அதை நிரூபிக்க வருகைப் பதிவேடு, ஷிஃப்ட் அட்டவணை, அன்றன்றைக்கு அனுப்பிய மின்னஞ்சல் ஆகியவை வேண்டும். வேலை குறைந்தால் விலையும் குறைய வேண்டும் என்பதைத் தணிக்கை வரும்வரை பலரும் மறந்துவிடுகிறார்கள்.

துறைக்கும் எல்லை உண்டு. விலைச் சூத்திரத்தை ஒரு சுற்றறிக்கையால் ஒருதலையாக மாற்றி ஒப்பந்ததாரர்மேல் சுமத்த முடியாது என்று சாங்யாங் - தேசிய நெடுஞ்சாலை ஆணைய வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சாலைப்பணி வழக்கானாலும் சேவை ஒப்பந்தங்களுக்கும் அது பொருந்தும். இறுதி பில்லுக்காக வாங்கப்படும் ‘இனிக் கோரிக்கை இல்லை’ சான்றும் எல்லாவற்றையும் மூடிவிடாது. அது கட்டாயத்தில் எழுதப்பட்டது என்ற கேள்வியை நடுவர் முன் எழுப்பலாம் என்பது 2008-இன் போகரா பாலிஃபேப் தீர்ப்பு.

தகராறு எங்கே தீரும் என்பதும் மாறிவிட்டது. மத்திய நிதி அமைச்சகத்தின் 2024 ஜூன் 3 வழிகாட்டுதலின்படி, நடுவர் மன்றத்தைப் பொதுவாக ரூ. 10 கோடிக்குக் குறைவான தகராறுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். இது ஒப்பந்தத்தின் மதிப்பு அல்ல, தகராறின் மதிப்பு. பெரிய தொகைகளுக்கு சமரசம் ஊக்குவிக்கப்படுகிறது. அதுவும் இல்லையென்றால் நீதிமன்றம். நடுவர் தீர்ப்பை எதிர்க்கும் துறை, வங்கி உத்தரவாதம் பெற்றுக்கொண்டு 75 சதவீதத்தைச் செலுத்த வேண்டும் என்கிறது பொது நிதி விதி 227ஏ.

சமரசத்தில் கையெழுத்திடும் அதிகாரிக்கு நாளை தணிக்கையும் விஜிலென்ஸும் கேள்வி கேட்குமே என்ற பயம் இருக்கிறது. நீதிமன்றம் சொன்னால் கொடுக்கலாம் என்று கோப்பை நகர்த்துவது அந்தப் பயத்தால்தான். ஊதிய உயர்வைத் திருப்பித் தரும் சூத்திரம் ஒப்பந்தத்திலேயே இருந்தால் அது கணக்கராலேயே முடியும் வேலை. அறிவிக்கப்பட்ட ஊதிய வித்தியாசம், அதன் மீதான வருங்கால வைப்பு நிதி, காப்பீட்டுப் பங்களிப்பு இவ்வளவுதான்; லாபமும் நிர்வாகச் செலவும் அதில் சேராது. டெண்டர் ஆவணம் தயாரிக்கும் அலுவலர்கள், ஒப்பந்தக் காலம் ஓராண்டே ஆனாலும், நீட்டிப்புக் காலத்துக்கான இந்தச் சூத்திரத்தை நிதிப் பிரிவின் ஒப்புதலோடு அடுத்த டெண்டரிலேயே சேர்க்க வேண்டும்.