ஒரு கையெழுத்து பாக்கி!

ஃபாரின்ல செட்டிலாக மற்ற ஊர்க்காரர்கள் விசாவுக்கு அலையணும். எங்க புதுச்சேரியில் ஒரு காலத்தில் ஒரே ஒரு கையெழுத்து போதும், சார்! 1962 ஆகஸ்ட் 16-ல் பிரான்சோடு போட்ட ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள், 'பிரெஞ்சுக் குடிமகனாகவே நீடிக்கிறேன்' என்று எழுதித் தர ஆறு மாச அவகாசம். தராதவர் இந்தியர்.

எங்க பெரிய தாத்தா எழுதித் தந்தார். என் தாத்தா தரலை. விளைவு? அவர் பேரன் பாரீஸில். நான் பி.காம். முடித்து, இங்கே உங்களை அறுக்கிறேன்.

லீவுக்கு வந்த அண்ணன், காந்தி சிலைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். "லா ஷப்பல் கடையில முருங்கைக்காய்கூடக் கிடைக்குதுடா. ஆனா பசங்க என்கிட்டயே பிரெஞ்சுலதான் பேசறாங்க. அங்க நான் யாருன்னே சமயத்துல புரியலை."

"அப்ப பாஸ்போர்ட்டை மாத்திக்கலாமா அண்ணே?" என்றேன்.

"சுண்டல் ஆறிப்போச்சு" என்று எழுந்துவிட்டார்!