பார்ப்பவர் வேறு, வாக்களிப்பவர் வேறு

கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 2024 நவம்பர் 14 அன்று நடந்த பொதுத் தேர்தலில், சுயேச்சைக் குழுவொன்றின் சார்பில் போட்டியிட்ட வைத்தியர் இராமநாதன் அர்ச்சுனா நாடாளுமன்ற உறுப்பினராகத் தெரிவானார். சில மாதங்களுக்கு முன்னர் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் நிர்வாகம் பற்றிய குற்றச்சாட்டுகளை முகநூல் நேரலையில், அதாவது படம்பிடிக்கும் கணத்திலேயே ஒளிபரப்பாகும் காணொளியில், அவர் முன்வைத்ததே அவரைப் பலரும் அறியக் காரணமாயிற்று. கட்சிக் கட்டமைப்பு பல்லாண்டுகளில் தேடித்தரும் அறிமுகத்தைக் கைபேசி தந்துவிட்டது என மகிழ்வோரும் உளர், கூச்சல் வென்றுவிட்டது என வருந்துவோரும் உளர். அங்கு போலவே வன்னியிலும் அரசியல்வாதியைக் கைபேசியை நோக்கித் தள்ளுவது தேர்தல் முறையே என்பதை இரு சாராரும் போதிய அளவு கவனிக்கவில்லை.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் வழிவந்த விகிதாசார முறையில், கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ வாக்களிக்கும் ஒருவர், அதன் பட்டியலிலுள்ள மூவர் வரைக்கும் விருப்பு வாக்கும் அளிக்கலாம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிர்வாக மாவட்டங்களைச் சேர்த்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனங்களே இருப்பதால், வேட்பாளரின் முதற் போட்டியாளர் அவருடைய பட்டியலிலேயே இருக்கிறார்; கட்சியின் முகநூல் பக்கம் போதாமல் தம் பெயருக்கென்று ஒரு பக்கம் அவருக்குத் தேவைப்படுகிறது. மடுவிலிருந்து கொக்கிளாய் வரை பரந்த நிலத்தில் இந்தக் கிராமத்துக்கு இன்னார் பொறுப்பு என்றில்லாததால், உடைந்த வாய்க்கால் கட்டில் ஒருவர் நேரலை செய்துவிட்டுப் போகலாம், அடுத்த மாதம் இன்னொருவர் அதே இடத்தில் நிற்கலாம், கட்டு உடைந்தபடியே கிடக்கலாம். 2018 இல் நடைமுறைக்கு வந்த கலப்பு முறையில் வட்டார அடிப்படையிலும் உறுப்பினர்களைத் தெரிவுசெய்யும் பிரதேச சபைகளில் நிலைமை சற்று வேறு: மதகின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியவர், மறுநாள் சந்தையில் உறுப்பினரை மறித்துக் கேட்கவும் முடியும்.

பார்வையாளர் யார் என்பதில் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் உறவுகள் ஊரின் நிலையை இக்காணொளிகளில் ஏக்கத்தோடு தேடுகின்றனர். அங்கிருந்தபடி வாக்களிக்க இலங்கைச் சட்டத்தில் வழியில்லை என்றாலும், அவர்களுடைய மதிப்பும் நிதியும் பெரியவை என்பதால் காட்சி அவர்களை நோக்கியே அமைக்கப்படுகிறது. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த வெள்ளம் போன்ற இடர்க்காலங்களில் வெளியாகும் படங்களின் அமைப்பு எல்லோரும் அறிந்ததே: உலர் உணவுப் பொதியின் ஒரு முனையைப் பிரமுகரும் மறுமுனையைத் தாயொருத்தியும் பிடித்திருக்க, அவர் கமராவைப் பார்க்கிறார், தாய் நிலத்தைப் பார்க்கிறாள். பொதியிலுள்ள அரிசியும் பருப்பும் சில நாட்களில் தீர்ந்துவிடும், அவளுடைய முகமோ பல ஆண்டுகள் அப்பக்கத்தில் கிடக்கும். பெறுபவரின் முகத்தை வெளியிடக் கூடாது என்ற விதியைக் கட்சிகள் தம் உறுப்பினர்களுக்கு இன்னும் கட்டாயமாக்காதிருப்பது பெருங்குறை.

2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுக்கு, ஆண்டு நிறைவு நாளின் படங்களைவிட, தமக்காக எங்கே என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் வந்தது என்ற விபரமே வேண்டும். திணைக்களத் தலைவர்களும் மக்கள் பிரதிநிதிகளும் கூடி வேலைகளை மீளாய்வு செய்யும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களுக்கும் இது பொருந்தும். அங்கு நிகழும் வாக்குவாதத்தின் ஒரு நிமிடத் துண்டைப் பதிவேற்றுபவர், எடுத்த முடிவையும் பொறுப்பேற்ற திணைக்களத்தையும் முடிக்க வேண்டிய திகதியையும் அதனோடு சேர்த்து, அடுத்த கூட்டத்துக்கு முன்னர் அதே பதிவின்கீழ் நிலைமையை எழுதப் புதிய சட்டமோ செலவோ தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தக் குடிமகனும் விண்ணப்பித்துக் கேட்கத்தக்கதை அவர் கேட்கும் முன்னரே கொடுத்தால் போதும்.