நாளைக் கொடுத்தார்கள், இடத்தை?

முன்னோரை நினைக்க ஹாங்காங்கில் ஆண்டுக்கு இரண்டு அரசு விடுமுறைகள் உண்டு. ஏப்ரல் தொடக்கத்தில் சிங் மிங். சீனச் சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாளில் சுங் யுங். இந்த நாட்களில் குடும்பம் குடும்பமாக மலைச்சரிவு ஏறுகிறார்கள். கல்லறையைச் சுற்றிப் புல் செதுக்கி, மங்கிய எழுத்துகளுக்குச் சாயம் பூசி, வாட்டிய பன்றி படைத்து, காகிதப் பணம் எரிக்கிறார்கள். நாள் ஒதுக்குவதில் இவ்வளவு தாராளம் காட்டும் அரசு, இடம் என்று வந்ததும் கையை இறுக்கிக்கொள்கிறது.

அரசின் நெருக்கடி பொய்யல்ல. ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீட்டரில் 75 லட்சம் பேர். அதிலும் பெரும்பகுதி மலை. பொது மயானங்களில் புதைத்தவர்களை ஆறு ஆண்டுகளில் தோண்டி எடுத்துவிட வேண்டும் என்பது பொதுவிதி. இது மரபுக்கு முற்றிலும் புறம்பானதும் அல்ல. சில ஆண்டுகள் கழித்து எலும்புகளை எடுத்துக் கழுவி, தாழியில் இட்டு, நிலையான கல்லறையில் வைப்பது தென்சீனத்துப் பழைய வழக்கம். மரபில் தோண்டுவது நிரந்தர இடம் தருவதற்காக. விதியில் அது அடுத்தவருக்கு இடம் விடுவதற்காக.

இன்று இறப்பவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் எரியூட்டப்படுகிறார்கள். ஆனாலும் சாம்பலுக்கு ஒரு மாடம் வேண்டுமே! அரசு மாடத்துக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தபோது, சாம்பல் மாடங்களை விற்கும் தனியார் மண்டபங்கள் பெருகின. உரிமமில்லாமல் முளைத்தவையும் ஏராளம். அவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. காத்திருக்க முடியாதவர்களின் துக்கம் அதற்குள் சந்தைச் சரக்காகியிருந்தது.

பற்றாக்குறை எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. ஹாங்காங்கின் ‘புதிய பிரதேசங்கள்’ என்ற பகுதியில் 1898இல் இருந்த கிராமத்தாரின் ஆண்வழி வாரிசுகளுக்கு, அங்குள்ள மலைகளில் தனிப் புதைநிலங்கள் இன்றும் உண்டு. அடுக்ககத்தில் வாழ்ந்தவருக்குச் செத்த பிறகும் அடுக்குதான். நிலம் இல்லை என்பது உண்மை. யாருக்கு இல்லை என்பது அரசியல்.

கடலில் கரைக்கலாம், நினைவுப் பூங்காவில் தூவலாம், 2010 முதல் இணையத்திலேயே அஞ்சலி செலுத்தலாம் என்கிறது அரசு. விரும்பித் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இவை நல்ல வழிகளே. இடம் கிடைக்காமல் இவற்றுக்குத் தள்ளப்படுவது வேறு. கொள்ளுத்தாத்தாவைப் பார்த்திராத பிள்ளை, கல்லறையில் அவர் பெயருக்குச் சாயம் பூசும்போதுதான் அந்தப் பெயரை அறிகிறது. வருடம் முழுக்கப் பேசாத அண்ணன் தம்பிகள் ஒரே தட்டில் சாப்பிட நேர்வதும் அங்கேதான். நினைவு அங்கே கையால் செய்கிற வேலை. திரையில் மெழுகுவத்தி ஏற்றுவது அதற்கு ஈடாகாது.

அரசு தரும் புதிய மாடங்களுக்கு இப்போது 20 ஆண்டுக் கெடு. பிறகு பத்துப் பத்து ஆண்டுகளாகக் கட்டணத்தோடு நீட்டிக்கலாம். யாரும் தேடி வராத மாடத்தைத் திரும்பப் பெறக் கெடு தேவைதான். ஆனால், உரிமையோடு வந்து பதிவு செய்கிற குடும்பத்திடம் கட்டணம் எதற்கு? பதிவு ஒன்றே போதும்; வராதவர்களின் மாடம் தானாக அரசுக்குத் திரும்பிவிடும். பணமில்லாத ஒரே காரணத்தால் ஒரு குடும்பம் தன் முன்னோரின் இடத்தை இழக்குமானால், சிங் மிங் அவர்களுக்கு வெறும் ஓய்வுநாள்.