சாதா கட்டியாம், சாதா கட்டி!

பி.காம். படிக்கிறவனுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். (வகுப்பில் தினமும் கேட்கிறார்கள், பழகிவிட்டது.) ஆனால் இந்த ஒரு வசனத்தைத் திட்டாமல் எனக்குத் தூக்கம் வராது: "சாதா கட்டிதான், கேன்சர் இல்லை."

அறைத்தோழனின் அப்பாவுக்குப் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருப்பது இரண்டு வருடம் முன்பே ஸ்கேனில் தெரிந்தது. மேற்படி வசனத்தோடு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் பாயசமே வைத்தார்களாம். போன மாதம் ஒரு ராத்திரி மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி, இடது இமை தொங்கிவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டார்கள். பழைய ரிப்போர்ட்டை யாரும் காட்டவில்லை. காட்ட வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கவும் இல்லை. மறுநாள் பார்வை மங்கிய பிறகுதான் எம்.ஆர்.ஐ. கட்டிக்குள் ரத்தக்கசிவு.

'சாதா' என்றால் வேறு உறுப்புக்குப் பரவாது, அவ்வளவுதான். கசியாது என்று யார் சொன்னது? வயிற்றுக்குள் வீங்கினால் வயிறு இடம் கொடுக்கும். மண்டையோடு கொடுக்குமா? பிட்யூட்டரிக்கு மேலே பார்வை நரம்புகள், பக்கத்தில் கண்ணை அசைக்கும் நரம்புகள். திடீரென்று ரத்தம் சேர்ந்தால் அவைதான் நசுங்கும். கூடவே கார்டிசால் சுரப்பு படுத்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பே ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். சி.டி. ஸ்கேனில் இது தப்பிவிடவும் கூடும்.

வைத்தியம் இல்லாத நோயா என்றால் அதுவும் இல்லை. மூக்கு வழியாகப் போய் பிட்யூட்டரி கட்டியை எடுப்பதை ஆஸ்திரியாவில் ஷ்லோஃபர் 1907-லேயே செய்துவிட்டார்!

"பெரும்பாலான கட்டி கசியாதுடா, எதுக்கு பயமுறுத்தணும்?" என்கிறான் மருத்துவம் படிக்கும் நண்பன். சரிதான். எல்லாரையும் அறுக்கச் சொல்லவில்லையே. கசிந்தவர்களில்கூட, பார்வை கெடாமல் இருந்தால் மருந்து கொடுத்துக் கண்காணிப்பதும் உண்டு. ஆனால் எங்கள் அக்கவுண்ட்ஸில், வந்தாலும் வரலாம் என்கிற கடனைக்கூட 'கன்டின்ஜென்ட் லயபிலிட்டி' என்று பேலன்ஸ் ஷீட்டுக்குக் கீழே குறிப்பாக எழுதியாக வேண்டும். பங்குதாரருக்குக் கிடைக்கிற அந்த ஒரு வரி நோயாளிக்குக் கிடையாதா? "திடீர்த் தலைவலியோ பார்வைக் கோளாறோ வந்தால் இந்த ரிப்போர்ட்டோடு உடனே வரவும்." இதை எழுத எவ்வளவு மை செலவாகும் சார்?

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. இடது கண்ணில் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். தோழன் இந்த செமஸ்டர் பரீட்சை எழுதவில்லை.