கொண்டுகூட்டு

‘கொண்டுகூட்டுதல்’ என்னும் வினைக்குச் சொற்களை இடம்மாற்றுதல் என்று மாணவர் பொருளெழுதுகின்றனர். அது போதாது. ஓரடிக்குள்ளே சொற்களை மாற்றிப் பொருள் காண்பதற்கு நன்னூலார் மொழிமாற்று என வேறு பெயரிட்டுள்ளார். பல அடிகளிலும் கிடக்கும் சொற்களை எடுத்து, ஏற்றவிடத்துச் சேர்ப்பதே கொண்டுகூட்டு. கொள்ளலும் கூட்டலுமே அங்குள்ள வினைகள். கழித்தலுக்கு அதில் இடமில்லை.

இவ்வுரிமையை நச்சினார்க்கினியர் மிகத் தாராளமாகவே கையாண்டார். 103 அடிகளையுடைய முல்லைப்பாட்டை அவர் பிரித்துக் கூட்டிய முறையை, 1903ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆராய்ச்சியுரையில் மறைமலையடிகள் மறுத்தார். உரையாசிரியரின் பெரும்புலமையை நாம் ஐயுறவில்லை. ஆயினும் எம் மனம் அடிகளின் பக்கமே சாய்கின்றது.

வகுப்பிலே ஆசிரியர்கள் பாட்டை முதலில் கிடந்தவாறே படித்துக்காட்டுதல் வேண்டும். கூட்டிப் பொருளுரைப்பது பின்னர் ஆகலாம். முல்லைப்பாட்டில் மாலை மழை பெய்கின்றது. முதுபெண்டிர் விரிச்சி கேட்கின்றனர். தலைவி கண்ணீர் உகுக்கின்றாள். பாசறையிலே அரசன் துயிலின்றி இருக்கின்றான். அவளோடு நாமும் காத்திருக்கின்றோம். தேர்க்குதிரைகளின் ஆரவாரம் கடைசி அடிகளிலேதான் கேட்கின்றது.