போட்டோ எடிட்டிங் கம்ப்யூட்டரா? மானிட்டரில் இருந்து கணக்கைத் தொடங்குங்கள்

போட்டோ எடிட்டிங் செய்ய ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தாருங்கள் என்று கடையில் கேட்டுப் பாருங்கள். விற்பனையாளர் ஒரு தாளை எடுத்து முதல் வரியில் புராசசர் என்று எழுதுவார். அடுத்து மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, ராம், வண்ண விளக்குகள் எரியும் கேபினட் என்று பட்டியல் இறங்கிக்கொண்டே போகும். மானிட்டர் கடைசி வரியில் இருக்கும். அதற்குள் நம் பட்ஜெட் ஏறக்குறைய முடிந்திருக்கும். மிச்சப் பணத்திற்கு எது கிடைக்கிறதோ அதுதான் நம் மானிட்டர்.

இந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலாக எழுத வேண்டும் என்பது என் கருத்து. திண்டுக்கல் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் வாங்க யோசனை கேட்டு வரும் நண்பர்களிடம் நான் இதைத்தான் சொல்லி வருகிறேன். விளையாட்டுக்கு வாங்கும் கம்ப்யூட்டருக்கு வேகம் முக்கியம். போட்டோவுக்கு வாங்கும் கம்ப்யூட்டருக்கு முதலில் நிறம் சரியாகத் தெரிய வேண்டும். அடுத்து போட்டோக்கள் பத்திரமாக இருக்க வேண்டும். வேகம் அதற்குப் பிறகுதான்.

திண்டுக்கல்லில் இருந்து மதுரை செல்லும் வழியில் உள்ள சின்னாளப்பட்டியை எடுத்துக் கொள்வோம். சுங்குடிச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர். இன்று சேலையை போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, வெளியூருக்கு விற்பது சாதாரணமாகிவிட்டது. அரக்கு நிறச் சேலை ஒன்று விற்பவரின் மானிட்டரில் வெளிறித் தெரிகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அவர் சிவப்பைக் கூட்டிச் சேமித்து அனுப்புகிறார். வாங்குபவரின் போனில் அது குங்குமச் சிவப்பாகத் தெரிகிறது. பார்சலைப் பிரித்ததும் நிறம் வேறு என்று சேலை திரும்பி வருகிறது. இரண்டு பக்க கூரியர் செலவும் விற்பவர் தலையில்தான். எவ்வளவு வேகமான புராசசர் போட்டாலும் இந்த நஷ்டத்தைத் தடுக்க முடியாது.

"பார்ப்பவர்கள் எல்லோரும் போனில்தானே பார்க்கிறார்கள்? ஒவ்வொரு போனும் ஒவ்வொரு மாதிரி காட்டும். நமக்கு எதற்கு நல்ல மானிட்டர்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். போன்கள் கொஞ்சம் கூடுதலாகவோ குறைவாகவோ காட்டும் என்பது உண்மை. ஆனால் நாம் அனுப்பும் படம் சரியாக இருந்தால் தவறு அந்த அளவோடு நின்றுவிடும். நம் படமே தவறாக இருந்தால் இரண்டு தவறுகளும் சேர்ந்துகொள்ளும். ஆல்பம் பிரிண்ட்டுக்கு அனுப்புபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். லேப்பில் அச்சாகி வந்த பிறகு நிறத்தை மாற்ற முடியாது. மறுபடியும் பணம் கட்டி அச்சடிக்க வேண்டியதுதான்.

மானிட்டர்: ஐ.பி.எஸ். பேனல் என்று கேட்டு வாங்கவும். விலை குறைந்த டி.என். பேனல்களில் தலையைச் சற்று சாய்த்தாலே நிறம் மாறிவிடும். அட்டைப்பெட்டியில் அல்லது தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் எஸ்.ஆர்.ஜி.பி. 99 அல்லது 100 சதவீதம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 1996இல் எச்.பி.யும் மைக்ரோசாப்ட்டும் சேர்ந்து முன்வைத்த நிற அளவுகோல் இது. இணையத்தில் போடும் படங்களுக்கு இன்றும் இதுவே அடிப்படை. 24 அங்குலத்தில் ஃபுல் எச்.டி. போதும். வசதி இருந்தால் 27 அங்குலத்தில் 2560க்கு 1440 பிக்ஸல் உள்ளதை வாங்கலாம்.

கடைக்குப் போகும்போது உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு முகம் உள்ள போட்டோவை பென் டிரைவில் கொண்டு போங்கள். நேராகவும் பக்கவாட்டிலும் நின்று பாருங்கள். தோல் நிறம் மாறினால் அந்த மானிட்டர் வேண்டாம். வீட்டில் வைத்த பிறகு ஒரு வெள்ளைத் தாளை மானிட்டருக்கு அருகில் பிடித்து, இரண்டின் வெளிச்சமும் ஏறத்தாழ ஒன்றாகும் வரை பிரைட்னஸைக் குறைக்கவும். புது மானிட்டர்கள் பெரும்பாலும் அளவுக்கு மீறிய வெளிச்சத்தில்தான் வருகின்றன. அப்படியே எடிட் செய்தால் பிரிண்ட் இருட்டாக வரும்.

ராம்: எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே தெரிந்து கொள்ளலாம். கல்யாண ஆல்பத்தில் ஒரு ஷீட் பெரும்பாலும் 12க்கு 36 அங்குலம். அங்குலத்துக்கு 300 பிக்ஸல் என்றால் 3600க்கு 10800, அதாவது சுமார் 3.9 கோடி பிக்ஸல். ஒரு பிக்ஸலுக்கு 3 பைட். ஆக ஒரு லேயருக்கு மட்டும் 110 எம்பிக்கு மேல். முழு அளவில் பத்து லேயர் போட்டால் 1 ஜிபியைத் தாண்டும். அண்டூ செய்வதற்கான நினைவு, விண்டோஸ், பிரவுசர் எல்லாம் இதற்கு மேல். 8 ஜிபி திணறும். 16 ஜிபி நிம்மதியாக ஓடும். ஆல்பத் தொழிலே செய்பவர்களுக்கு 32 ஜிபி.

2025 இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறியது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக் கொள்வதுதான் காரணம். அந்த ஆண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், குருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்று வந்த மெமரி வியாபாரத்தில் இருந்து விலகுவதாகவே அறிவித்தது. எனவே தேவைக்கு மேல் ராம் வாங்கிப் பணத்தை முடக்க வேண்டாம். 16 ஜிபியில் தொடங்குங்கள். மதர்போர்டில் காலி ஸ்லாட் இருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்து கொள்ளுங்கள்.

புராசசர், கிராபிக்ஸ் கார்டு: ஆறு கோர் உள்ள கோர் ஐ5 அல்லது ரைசன் 5 வகை வீட்டு உபயோகத்துக்குத் தாராளம். இங்கே ஒரு விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். இன்டெல் கோர் ஐ5 12400 என்பதில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. அதே எண்ணுடன் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் கிராபிக்ஸ் கிடையாது. தனியாக கார்டு போடாவிட்டால் திரையில் ஒன்றும் வராது. ஏ.எம்.டி.யில் ரைசன் 5 5600ஜி என்பதில் கிராபிக்ஸ் உண்டு. வெறும் 5600இல் இல்லை. விலை குறைவாக இருக்கிறதே என்று எஃப் வகையை வாங்கிவிட்டு, பிறகு கார்டுக்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லைட்ரூமில் 2023 ஏப்ரலில் வந்த ஏ.ஐ. டீநாய்ஸ் வசதி கிராபிக்ஸ் கார்டை நம்பித்தான் வேகமாக ஓடுகிறது. மண்டபத்தில் குறைந்த வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கில் ரா பைல்களாக எடுத்துத் தள்ளும் கல்யாண போட்டோகிராபருக்கு அது பயன்படும். வெளிச்சம், நிறம் திருத்துவது, வெட்டுவது, ஒட்டுவது போன்ற வேலைகளுக்கு உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். தேவைப்படும்போது கார்டைச் சேர்த்துக் கொள்ளலாம். ஆனால் மட்டமான மானிட்டரைப் பிற்பாடு மாற்றலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் மாற்றுவதே இல்லை.

ஹார்ட் டிஸ்க்: விண்டோஸுக்கும் நடப்பு வேலைக்கும் 500 ஜிபி எஸ்.எஸ்.டி., சேமிப்புக்கு 2 டிபி ஹார்ட் டிஸ்க். இதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் ஊர் பூட்டுக்குப் பெயர் பெற்றது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டு வாங்கும் யாரும் ஒரே சாவியோடு வீட்டுக்கு வருவதில்லை. இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்கி, வேறு இடத்தில் வைப்பார்கள். போட்டோவுக்கும் இரண்டாவது சாவி வேண்டும். ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, மாதம் ஒரு நாள் எல்லாவற்றையும் அதில் காப்பி செய்து, கழற்றி, முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள். எப்போதும் கம்ப்யூட்டரோடு இணைந்தே இருந்தால் வைரஸோ மின்னலோ இரண்டையும் சேர்த்தே கெடுத்துவிடும். குழந்தையின் காதுகுத்து போட்டோ போய்விட்டால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

யு.பி.எஸ்.: முன்கூட்டியே அறிவிக்கும் மின்தடையால் ஆபத்து இல்லை. கோடை மழையில் சொல்லாமல் போய் வரும் கரண்ட்தான் ஆபத்து. பைல் சேவ் ஆகும் நேரத்தில் கரண்ட் போனால் பைல் கெட்டுப் போகலாம். சேவ் செய்து நிறுத்தும் வரை தாங்கும் ஒரு 600 வி.ஏ. யு.பி.எஸ். போதும். எஸ்.எம்.பி.எஸ். 80 பிளஸ் முத்திரை உள்ளதாக, தனியாக வாங்கவும். கேபினட்டுடன் இலவசமாக வருவதை நம்ப வேண்டாம். எங்கள் பக்கம் ஆடிக் காற்றில் வீட்டுக்குள்ளும் புழுதி வந்துவிடும். கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி உள்ள கேபினட் நல்லது. வண்ண விளக்குகள் தேவையே இல்லை. இருட்டறையில் அவை உங்கள் கண்ணின் நிறக் கணிப்பையும் கெடுக்கும்.

கையில் 100 ரூபாய் இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன். மானிட்டருக்கு 25. புராசசருக்கும் மதர்போர்டுக்கும் சேர்த்து 30. ராமுக்கு 15. எஸ்.எஸ்.டி., ஹார்ட் டிஸ்க், எக்ஸ்டர்னல் டிஸ்க் மூன்றுக்கும் 18. யு.பி.எஸ்., எஸ்.எம்.பி.எஸ்., கேபினட்டுக்கு 12. சாப்ட்வேருக்கு ஒன்றும் ஒதுக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். 2025 மார்ச்சில் வெளிவந்த ஜிம்ப் 3.0 இலவசம். ரா பைல்களைக் கையாள டார்க்டேபிள் இலவசம். கற்றுக் கொள்ளும் காலத்தில் இவை இரண்டும் போதும்.

சென்னை ரிச்சி தெருவில் விலை குறையும், மதுரையில் குறையும் என்பார்கள். குறையலாம். ஆனால் ஒரு பாகம் பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் ஓட வேண்டும். வித்தியாசம் சிறிதாக இருந்தால் உள்ளூரிலேயே, ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் எழுதிய பில்லுடன் வாங்குங்கள். கடைக்காரர் தாளை எடுத்ததும், முதல் வரியில் மானிட்டரை எழுதச் சொல்லுங்கள்.