பொம்மைக் கப்பல் கேப்டன்கள்

கார் பழகும்போது எதிர்வீட்டு காம்பவுண்ட் சுவரில் முட்டினால், நாலு திட்டு வாங்கிக்கொண்டு சிமெண்ட்டுக்குக் காசு கொடுத்துத் தப்பிக்கலாம். 400 மீட்டர் நீளக் கப்பலை எதில் முட்டிப் பழகுவது?

அதற்கென்றே பிரான்சில், கிரெனோபிள் பக்கம், ஓர் ஏரி இருக்கிறது. பெயர் போர்ட் ரெவெல். 1967 முதல் கேப்டன்களும் துறைமுக பைலட்டுகளும் அங்கே குட்டிக் கப்பலில் உட்கார்ந்து சீரியஸாக ஆர்டர் போடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால், நரைத்த தலைகள் பொருட்காட்சியில் படகு சவாரி போகிற மாதிரிதான் இருக்கும்.

எல்லாம் நிஜத்தில் 25-ல் ஒரு பங்கு. இதில் ஒரு வம்பு. நீளம் 25 மடங்கு சுருங்கினால் நேரம் 5 மடங்கு சுருங்கும். (25-க்கு வர்க்கமூலம் 5. தண்ணீரின் கணக்கு அப்படி.) நிஜக் கப்பலில் ஐந்து நிமிஷம் யோசிக்கிற விஷயத்தை இங்கே ஒரே நிமிஷத்தில் முடிவு செய்தாகணும்.

'கம்ப்யூட்டர் சிமுலேட்டர் இருக்கே, ஏரி எதுக்கு?' என்பீர்கள். கம்ப்யூட்டரில் தண்ணீர் என்பது யாரோ எழுதிவைத்த சமன்பாடு. குறுகிய கால்வாயில் கப்பல் ஒரு கரையை ஒட்டிப் போனால், இடுக்கில் நீர் வேகமெடுத்து அழுத்தம் குறையும். கப்பலின் பின்பக்கத்தைக் கரை இழுக்கும். மூக்கு எதிர்க்கரைக்குத் திரும்பும். ஏரித் தண்ணீர் இதை யாரும் சொல்லித்தராமலே செய்துகாட்டும்.

2021 மார்ச்சில் 'எவர் கிவன்' சூயஸில் குறுக்கே செருகிக்கொண்டு ஆறு நாள் வழியை மறித்தது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் க்யூவில் நின்றன. போர்ட் ரெவெலில் தரை தட்டினால் தள்ளிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்.

தப்பு செய்யவும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது. பட்ஜெட் போடுகிறவர்களுக்கும் 25-ல் ஒரு பங்கு சைஸில் ஒரு நாடு செய்து கொடுத்தால் தேவலை.